பார்ட்டுக்குக் காசு, பார்த்ததுக்குக் காசில்லையா?

வட இந்தியக் குளிர்ல ஒரு டீசல் வேன் காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா நம்ம ஆளுங்க பண்ற முதல் காரியம் என்ன? தள்றது. ரெண்டாவது? ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டுக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்றது. மூணாவது? அவங்க சொல்ற தொகையை அப்படியே போன்ல தட்டி அனுப்பறது. நடுவுல ஒரு வேலை விட்டுப் போச்சு. என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிற வேலை. அதை மட்டும் யாரும் செய்யச் சொல்றதில்லை. செஞ்சா அதுக்குக் காசு கொடுக்கவும் நமக்கு மனசு வர்றதில்லை.

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

"நீங்க பேங்க்ல வேலை பார்க்கறவர், பி.காம். படிச்சவர், டீசல் இன்ஜினைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?" நியாயமான கேள்வி. எனக்குக் கணக்கு தெரியும். ஒரு டிரைவர் 10 லட்சம் கடன் வாங்கி வேன் எடுக்கறார்னு வைங்க. 11 சதவீத வட்டி, 5 வருஷம். மாசத் தவணை சுமார் 21,700 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்னாலும் அந்தத் தேதிக்கு அது போயாகணும். பத்து நாள் வண்டி நின்னா மாச வருமானத்துல மூணுல ஒரு பங்கு காலி. அதுமேல ரிப்பேர்னு ஒரு 70,000 ஏறினா மூணு தவணைக்கு மேல ஒரே அடியில போகுது. தவணை பாக்கி 90 நாள் தாண்டினா கணக்கு வாராக்கடன். அப்புறம் அந்த மனுஷனுக்கு எந்த வங்கியும் சுலபத்துல கதவைத் திறக்காது. வண்டி ஸ்டார்ட் ஆகாததுங்கறது மெக்கானிக்குக்கு ஒரு வேலை. அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

கதையா சொல்லல, கண்ணால பார்த்தது. இங்க லக்னோவுல எங்க குடியிருப்புல எட்டு தமிழ்க் குடும்பம். எங்க பிள்ளைங்களோட இன்னும் சில வீட்டுப் பிள்ளைங்களையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போற வேன் ஒண்ணு. சொந்த வண்டி, ஓட்டறவரும் அவரே. போன ஜனவரில ஒரு நாள் காலையில வண்டி கிளம்பல. செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. எங்க ஆளுங்க எட்டுப் பேர் ஸ்வெட்டரோட இறங்கித் தள்ளினாங்க. அசையல. கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ஒர்க்‌ஷாப்ல கால் மணி நேரத்துல தீர்ப்பு சொல்லிட்டாங்க. நாலு இஞ்செக்டரும் போச்சு, பம்ப்பும் சந்தேகம், 74,000 ஆகும்.

ஆறாவது நாள் அவர் என்னைத் தேடி பிராஞ்சுக்கு வந்தார். கையில ஒரு துணி முடிச்சு. பொண்டாட்டி நகை. "சாப், கோல்டு லோன் எவ்வளவு கிடைக்கும்?" நகைக்கடன் கொடுக்கறது என் வேலை, கொடுத்திருக்கலாம். ஆனா ஒரு கேள்வி கேட்டேன். "பையா, இஞ்செக்டர் போச்சுன்னு எதை அளந்து பார்த்துச் சொன்னாங்க?" அவருக்குத் தெரியல. ஏன்னா யாரும் எதையும் அளக்கல.

அப்புறம் டிரான்ஸ்போர்ட் நகர் பக்கம் வயசான பம்ப் மிஸ்திரி ஒருத்தரைப் பிடிச்சோம். அவர் முதல்ல ஸ்கேனரை மாட்டினார். செல்ஃப் அடிக்கும்போது ரெயில்ல அழுத்தம் ஏறல. ஒர்க்‌ஷாப்காரங்க இதைப் பார்த்திருந்தாக்கூட இஞ்செக்டர்னுதான் சொல்லியிருப்பாங்க. பெரியவர் அதோட நிக்கல. டீசல் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கற குழாயைக் கழட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி டியூப் ஒண்ணைச் செருகினார். செல்ஃப் அடிச்சா டீசலோட முட்டை முட்டையா காத்து வருது. மூணு வாரம் முன்னாடி ஃபில்டர் மாத்தியிருக்காங்க, அதே ஒர்க்‌ஷாப்ல. ரப்பர் வளையம் சரியா உக்காராம ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு. அது வழியா காத்து புகுந்து, ராத்திரி பூரா டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடுது. வளையம், புது ஃபில்டர், அவர் பார்த்த கூலி 600, எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். வண்டி கிளம்பிடுச்சு. நகை வீட்டுக்குப் போச்சு.

இதுல எனக்குக் கோபம் வந்தது ஒர்க்‌ஷாப் மேல மட்டும் இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் எங்க ஆளு ஒருத்தர் சொன்னார்: "பத்து நிமிஷம் டியூப் வெச்சுப் பார்த்ததுக்கு 600-ஆ? கொள்ளையா இருக்கே சார்!" இதே மனுஷர்தான் முந்தின நாள் "74,000 தானே, ஆளுக்கு அஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுத்துடலாம், பிள்ளைங்க ஸ்கூல் போகணுமில்ல"ன்னு தாராளமா சொன்னவர்.

அங்கதான் நோய் இருக்கு. பார்ட்டுக்குக் கொடுக்கக் கை கூசறதில்லை. பார்த்ததுக்குக் கொடுக்கத்தான் கசக்குது. பில்லுல "இஞ்செக்டர் 4"ன்னு இருந்தா ஏதோ கைக்குக் கிடைச்ச திருப்தி. "கோளாறு கண்டுபிடிச்ச கூலி"ன்னு இருந்தா ஏமாந்த மாதிரி இருக்கு. நாம இப்படி இருந்தா மெக்கானிக் என்ன பண்ணுவான்? கண்டுபிடிக்கிறவன் பட்டினி கிடப்பான். மாத்தறவன் மாடி கட்டுவான். பெரியவரோட பையன் அந்தத் தொழிலுக்கு வரல. செல்போன் கடை வெச்சிருக்கார். ஏன்னு புரியுதுல்ல?

எங்க தொழில்ல வீட்டுக்கடன் கேட்டு ஒருத்தர் வந்தா முதல்ல வக்கீல்கிட்ட பத்திரம் போகும், மதிப்பீட்டாளர் போய் இடத்தைப் பார்ப்பார். ரெண்டு பேருக்கும் கட்டணம் உண்டு. கடன் கிடைக்கலைன்னாலும் அந்தக் கட்டணம் கட்டியாகணும். பணத்தைக் கொடுத்துட்டு அப்புறமா வில்லங்கம் பார்க்கற வங்கி உருப்படுமா? வண்டி விஷயத்துல மட்டும் நாம அப்படித்தான் நடந்துக்கறோம்.

அப்போ என்னதான் பார்க்கணும்?

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். 1890-கள்ல ருடால்ஃப் டீசல் காப்புரிமை வாங்கின காலத்துலேருந்து அடிப்படை இதுதான். அதனால ஸ்டார்ட் ஆக மூணே விஷயம் போதும். இன்ஜின் வேகமாச் சுத்தணும், டீசல் வந்து சேரணும், உள்ள சூடு இருக்கணும். பழைய மெக்கானிக்கல் பம்ப்போ, புது காமன் ரெயிலோ, விசாரணை இந்த மூணுக்குள்ளதான். ஸ்பேனர் எடுக்காம, கண்ணையும் காதையும் வெச்சே பாதி தூரம் போயிடலாம்.

சத்தம். சாவி திருப்பினா ஒண்ணுமே இல்லையா? வெறும் "டிக்" மட்டுமா? உடம்பு சரியில்லாதவன் மாதிரி இழுத்து இழுத்துச் சுத்துதா? இந்த மூணும் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் பக்கம். இஞ்செக்டர் பேச்சுக்கே இடமில்லை. நல்ல பேட்டரி வண்டி ஓய்வா நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 பக்கம் இருந்தா பாதி காலி. செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே சரிஞ்சா பேட்டரியையும் கனெக்‌ஷனையும் முதல்ல பாருங்க. இதுக்கு வேண்டிய மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். குளிர்ல பேட்டரிக்கும் தெம்பு குறையும், ஆயிலும் கெட்டியாகும். ரெண்டு அடியும் ஒரே நேரத்துல விழும். நவம்பர்ல டெர்மினல்ல பூத்த வெள்ளையைத் துடைச்சு இறுக்கி வெச்சாலே பல பேருக்கு ஜனவரி நிம்மதியாப் போகும்.

புகை. செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி பிடிக்கல. ஒருத்தரைப் பின்னாடி நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்க. புகையே வரலைன்னா டீசல் உள்ள போகலை. டேங்க், ஃபில்டர், காத்து, தண்ணி, பம்ப், வயரிங், இப்படித் தேடணும். பழைய பம்ப் வண்டின்னா டீசலை நிறுத்தற சோலனாய்டுக்குக் கரண்ட் வருதான்னும் பார்க்கணும். வெள்ளைப் புகை மூக்கைக் குத்தற டீசல் வாடையோட வந்தா, டீசல் போகுது, பத்திக்கலைன்னு அர்த்தம். ஹீட்டர் பிளக் இருக்கற வண்டின்னா அது, இல்லைன்னா மெதுவாச் சுத்தறது, கம்ப்ரெஷன் குறைஞ்சது. இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகம் பாதியாக் குறையும். செலவு சைபர்.

முள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசையுதா? பல காமன் ரெயில் வண்டிகள்ல அது கம்முன்னு கிடந்தா கிராங்க் சென்சார் மேல சந்தேகப்படணும். இன்ஜின் சுத்தறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அது எப்படி டீசலைப் பீய்ச்சும்?

விளக்கு. சாவிப் படம் மின்னினா இம்மொபிலைசர் உங்க சாவியை அடையாளம் கண்டுபிடிக்கலை. ரெண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்க. சுருள் படம் அணையற வரைக்கும் காத்திருந்து அப்புறம் செல்ஃப் அடிங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டின்னா, யூரியாக் கரைசல் ஊத்தற ரகமா இருந்தா அதையும் பாருங்க. சில வண்டிகள்ல அது தீர்ந்து, எச்சரிக்கை கிலோமீட்டரும் முடிஞ்சா, மறுபடி ஸ்டார்ட் ஆகவே விடாது. இதுக்கு இன்ஜினைப் பிரிச்சு என்ன பண்றது?

டீசல். ஃபில்டர் அடியில தண்ணி தேங்கற இடம் இருக்கும், திறந்து விட்டுப் பாருங்க. டேங்க் காலியாகி நின்ன வண்டியில காத்து புடிச்சிருக்கும். ஃபில்டர் மேல ஹேண்ட் பம்ப் இருந்தா அது கெட்டியாகற வரைக்கும் அமுக்கணும். குளிர் விஷயம் இன்னொண்ணு. டீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1460-ல ஓட்டம் நின்னு உறையற வெப்பநிலைக்குக் கோடையில 15 டிகிரி, குளிர்காலத்துல 3 டிகிரின்னு ரெண்டு வரம்பு இருக்கு. அக்டோபர்ல டேங்கை நிரப்பி நிறுத்தின வண்டியை ஜனவரில எடுத்தா, இல்ல சமவெளியில நிரப்பிட்டு மணாலி போய் ராத்திரி நிறுத்தினா, டீசல்ல மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கலாம். லடாக்குக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத டீசலை 2019-ல தனியா கொண்டுவந்தாங்க. வெயில் ஏறினதும் தானா கிளம்பற வண்டிக்குப் பம்ப் மாத்தறவங்களை என்ன சொல்ல?

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்கேனர். பி 0335 வந்தா கிராங்க் சென்சார் சுற்று, பி 0087 வந்தா ரெயில் அழுத்தம் குறைவு. இங்கதான் எல்லாரும் கவுந்துடறாங்க. கோடு வந்தா பார்ட் போச்சுன்னு அர்த்தமில்லை. அழுத்தம் குறைவுன்னா காத்தா, அடைப்பா, பம்பா, இஞ்செக்டரான்னு தேடணும். இஞ்செக்டர்தான்னு அடிச்சுச் சொல்றவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணீங்களா? நாலு இஞ்செக்டரோட ரிட்டர்ன் குழாயிலயும் ஒவ்வொரு பாட்டில் வெச்சு, எதுல அதிகமா டீசல் திரும்புதுன்னு பார்க்கற சோதனை. ஒரு பாட்டில்ல மட்டும் எகிறினா அந்த ஒண்ணுதான் குற்றவாளி. ஒருத்தன் திருடினதுக்கு நாலு பேரை ஜெயில்ல போடறது எந்த ஊர் நியாயம்?

தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க

டேங்குக்கு அடியில துணியைக் கொளுத்திக் காட்டறது இங்க ஹைவேயில சகஜம். அதைப் பார்த்துட்டு பிள்ளைங்க ஏறற வண்டியில பண்ணாதீங்க. ஹீட்டர் பிளக் இருக்கற இன்ஜின்ல ஈதர் ஸ்பிரே அடிக்காதீங்க, கண்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனே உடையலாம். பேட்டரி சுத்தமா செத்த காமன் ரெயில் வண்டியைத் தள்ளிப் பிரயோஜனமே இல்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாம இஞ்செக்டர் திறக்காது. செல்ஃபைப் பத்து செகண்டுக்கு மேல விடாம அடிக்காதீங்க, அரை நிமிஷமாவது ஆற விடுங்க. முக்கியமா, காமன் ரெயில் குழாயை லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடிச்சு "டீசல் வருதா பாரு"ன்னு கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும். விரலையே எடுக்கற நிலைமை வந்துடும்.

"நமக்கு ஹிந்தி சரியா வராது சார்"

இந்தச் சாக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. காய்கறிக்காரன்கிட்ட ரெண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்ட வர்ற ஹிந்தி, எழுபதாயிரத்துக்கு மட்டும் ஏன் வராது? நாலே வாக்கியம், எழுதி வெச்சுக்கோங்க.

"பெஹ்லே செக் கீஜியே, ஃபிர் பதலியே." முதல்ல சோதிங்க, அப்புறம் மாத்துங்க.

"செக் கர்னே கா பைசா அலக் தூங்கா." சோதிக்கறதுக்குத் தனியாக் காசு தர்றேன்.

"எஸ்டிமேட் லிக் கே தீஜியே." எஸ்டிமேட்டை எழுதிக் கொடுங்க.

"புரானா பார்ட் வாபஸ் சாஹியே." பழைய பார்ட் எனக்குத் திரும்ப வேணும்.

ரெண்டாவது வாக்கியத்துல இருக்கு சூட்சுமம். அதைச் சொன்ன உடனே நல்ல மெக்கானிக்கோட முகமே மாறும். அவர் மூளைக்கு நாம மரியாதை கொடுக்கறோம்னு புரியும். மாத்தறதே தொழிலா வெச்சிருக்கறவர் "அதெல்லாம் வேணாம் சாப், நமக்குத் தெரியும்"பார். அங்கேருந்து வண்டியை எடுத்துடுங்க.

"வெளியூர்ல வந்து கேஸு கீஸுன்னு அலைய முடியுமா?" முடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற இல்லை வேலை பார்க்கற ஊர்லயே மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. வியாபாரத்துக்கு ஓடற வண்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாதும்பாங்க. ஆனா சொந்தமா உழைச்சுப் பிழைக்க ஒரு வேன் வெச்சிருக்கறவருக்கு அதுல விலக்கு இருக்கு. எங்க வேன் டிரைவர் மாதிரி ஆளுங்களை மனசுல வெச்சுப் போட்ட விலக்கு அது. முதல்ல 1915-க்கு போன் பண்ணிப் பாருங்க. அதுக்கெல்லாம் கையில எழுத்து மூலமா எஸ்டிமேட்டும் பில்லும் இருக்கணும். அதனாலதான் அந்த மூணாவது வாக்கியம்.

"இதையெல்லாம் கத்துக்கறது என் வேலையா?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. டாக்டர் ஆபரேஷன்னு சொன்னா, ஸ்கேன் எடுத்தீங்களான்னு கேக்கறோம். அதுக்காக நாம எம்.பி.பி.எஸ். படிச்சோமா? கேள்வி கேக்கப் படிப்பு வேணாம், வாய் இருந்தாப் போதும். "டிரைவர் பார்த்துப்பார்"னு ஒதுங்கறவங்களுக்கு இன்னொண்ணு. அந்த டிரைவர் சுமக்கறது நம்ம பிள்ளைங்களை. அவர் கடன்ல மூழ்கினா முதல்ல வெட்டற செலவு டயரும் பிரேக்கும்தான். அதை எந்தப் பில்லும் நமக்குக் காட்டாது.

எங்க குடியிருப்புல இப்போ ஒரு ஏற்பாடு. வேனுக்கு மாசக் காசு கொடுக்கும்போதே ஆளுக்கு 50 ரூபாய் தனியாச் சேர்க்கறோம். பார்ட் வாங்க இல்லை. வண்டி மக்கர் பண்ணா யாராவது ஒழுங்காப் பார்த்துச் சொல்றதுக்கு. முதல் மாசம் ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. முணுமுணுத்துக்கிட்டே கொடுத்துட்டாங்க. உங்க குடியிருப்புலயும் டிசம்பர் வர்றதுக்குள்ள இதை ஆரம்பிங்க.

டிஸ்கி: "600 ரூபாய் கொள்ளை"ன்னு சொன்ன நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார்னு தெரியும். சார், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் உங்க கார் ஸ்டார்ட் ஆகலைன்னு பெரியவரோட நம்பர் கேட்டீங்களே, அனுப்பியிருக்கேன். கூலி பேரம் பேசாம கொடுத்துடுங்க :-)